அந்தக் கம்ப்யூட்டரை அழிக்க விடாதீர்கள்

இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் நடுவே உள்ள ஓர் ஊரிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவர் 34 வயதுப் பெண். டேலி படித்துவிட்டு, ஒன்பது வருடமாக ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார். கடை இருப்பது கேரளத்தில். கடையின் கரண்ட் அக்கவுண்ட் மலைக்குக் கீழே கம்பத்தில். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, வடக்கே வழக்கமாகச் சரக்கு எடுக்கும் பார்ட்டியின் பெயரில் ஒரு மெயில் வந்திருக்கிறது. கூடவே ‘பேமெண்ட் அட்வைஸ்’ என்று ஒரு ஜிப் ஃபைல். திறப்பதற்கான பாஸ்வேர்டும் மெயிலிலேயே இருந்தது. உள்ளே சிவப்புநிற பிடிஎஃப் படத்தோடு ஒரு பில். தட்டினார், ஒன்றும் திறக்கவில்லை. இன்னும் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, ஃபைல் கெட்டுப் போயிருக்கும் என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஆன்டிவைரஸ் பச்சை டிக்தான் காட்டியது.

பன்னிரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை மதியம் 3.40-க்குத் தொடங்கி, கால் மணி நேரத்துக்குள் மூன்று தவணையாக 6,40,000 ரூபாய் கடைக் கணக்கிலிருந்து போய்விட்டது. அந்த நேரத்தில் இவர் கடையில் இல்லை. ஒரு மணிக்கே இறங்கி, மகளைக் கம்பத்தில் பல் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தார். கடையின் கேமராவை முதலாளி வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்பதால் அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கும் வழக்கம் இல்லை. ஓடிபி-க்காக ஒவ்வொரு முறையும் கூப்பிட வேண்டாம் என்று, முதலாளி தன் போனின் மெசேஜ்களையும் அதே கம்ப்யூட்டரில் தெரியும்படி இணைத்து வைத்திருந்தார்.

திங்களன்று விஷயம் தெரிந்தது. முதலாளியின் தங்கை மகன், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிப்பவர், வந்து, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். எஸ்விசிஹோஸ்ட் என்ற ஒரே பெயரில் எழுபதுக்கு மேல் ஓடுவதைப் பார்த்து, “கம்ப்யூட்டர் பூரா வைரஸ்” என்றார். அதில் ஒன்று இவருடைய லாகின் பெயரில் ஓடியதைக் காட்டி, “அக்கா பேர்லதானே மாமா ஓடுது” என்றும் சொல்லிவிட்டார். மறுநாள் வங்கியில், பணம் கடையின் சொந்த நெட் இணைப்பிலிருந்துதான் போயிருக்கிறது என்று சொன்னார்களாம். அதோடு முதலாளியின் பேச்சு மாறிவிட்டது. “தெரிஞ்சு செஞ்சியோ தெரியாம செஞ்சியோ, உன் கை வழியாத்தான் போயிருக்கு.” மாதம் பாதிச் சம்பளம் பிடிப்பாராம். முழுத் தொகைக்கும் புரோநோட்டில் கையெழுத்து வேண்டுமாம். கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்ய ஆளும் சொல்லியாகிவிட்டது. வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“நான் குற்றவாளியா? பச்சை டிக் இருந்தும் எப்படி வந்தது? ஃபார்மேட் பண்ணிட்டா எல்லாம் சரியாகிடுமா? புகார் கொடுத்தா கேரளாவுலயா, தமிழ்நாட்டுலயா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

கடிதம் வந்த அன்றிரவே மூன்று வரி பதில் அனுப்பினேன். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள், கம்ப்யூட்டரின் நெட் வயரைக் கழற்றுங்கள், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று. முதல் இரண்டையும் செய்துவிட்டீர்கள். மூன்றாவதற்கு வியாழக்கிழமை வரை தவணை வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்குள் உங்கள் கையில் இருக்க வேண்டிய விஷயங்களை இங்கே எழுதுகிறேன். உங்களைப் போல எல்லையோரக் கடைகளிலும் ஆபீசுகளிலும் கணக்கு எழுதும் பலருக்கும் இது உதவும்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: நீங்கள் குற்றவாளி இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைவதையும் வைரஸ் புகுத்துவதையும் சொல்கிறது. அதே செயலை நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடி எண்ணத்தோடோ செய்தால்தான் 66-ஆம் பிரிவில் தண்டனை: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எண்ணம் இல்லாத இடத்தில் அந்தக் குற்றமே இல்லை. இன்னொருவர் வேடத்தில் கம்ப்யூட்டர் வழியே ஏமாற்றுவது 66-டி. அந்தப் பிரிவில் நீங்களும் உங்கள் முதலாளியும் ஏமாற்றப்பட்டவர்கள் பக்கம் நிற்கிறீர்கள்.

ஆனால் இதை நான் சொன்னால் போதாது, காட்டவும் வேண்டும். காட்டுவதற்கான சாட்சி அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஃபார்மேட் என்ற சொல்லைப் படித்ததும் எனக்குப் பதற்றம் வந்தது அதனால்தான்.

பில் எப்படி வேடம் போட்டது

ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்பவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்தோலின் நிறத்தை மட்டும் பார்த்து விலை சொல்கிறவர் ஏமாறுவார். லிட்டர் எடை போட்டு, காயை உடைத்து, விதையின் கருப்பையும் வாசத்தையும் பார்க்கிறவருக்குச் சரக்கு தெரியும். கம்ப்யூட்டர் ஃபைலுக்கு அந்தப் படம், அதாவது ஐகான், வெறும் மேல்தோல். ஒரு புரோகிராமைச் செய்கிறவன் அதற்கு எந்தப் படத்தையும் ஒட்டலாம். சிவப்பு பிடிஎஃப் படம் ஒட்டினால், பார்ப்பவருக்கு பில்.

ஃபைலின் உண்மையான ஜாதி அதன் பெயரின் கடைசி எழுத்துகளில் இருக்கிறது. பிடிஎஃப் என்று முடிந்தால் படிக்கும் தாள். இஎக்ஸ்இ என்று முடிந்தால் ஓடும் புரோகிராம். சங்கடம் என்னவென்றால், விண்டோஸ் தனக்குத் தெரிந்த வகை ஃபைல்களின் கடைசி எழுத்துகளைத் தானாகவே மறைத்துவிடுகிறது. நாம் போய் மாற்றாத வரை அதுதான் ஏற்பாடு. ‘பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ’ என்று ஒருவன் பெயர் வைத்தால், உங்கள் திரையில் தெரிவது ‘பில் டாட் பிடிஎஃப்’. இது புதுத் தந்திரமும் இல்லை. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகையே உலுக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போலத்தான் போனது. டிஎக்ஸ்டி என்ற எழுத்துகளுக்குப் பின்னால், ஓடும் நிரலைக் குறிக்கும் விபிஎஸ் மறைந்திருந்தது. பெரிய பெரிய நிறுவனங்களில் படித்தவர்கள்தான் அதைத் தட்டினார்கள்.

இதைவிட நுட்பமான வேடமும் உண்டு. அரபி, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியீட்டு எழுத்து, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இருக்கிறது. ஃபைல் பெயரின் நடுவே அதைச் செருகினால், அதற்குப் பின்னால் வரும் எழுத்துகள் திரையில் தலைகீழாகத் தெரியும். ‘எஃப்டிபி டாட் இஎக்ஸ்இ’ என்று முடியும் பெயர், பார்ப்பவருக்கு ‘இஎக்ஸ்இ டாட் பிடிஎஃப்’ என்று முடியும். கடைசி எழுத்துகளைப் பார்க்கத் தெரிந்தவரையும் அது ஏமாற்றும்.

ஜிப்புக்கு பாஸ்வேர்டு போட்டு, அந்த பாஸ்வேர்டை அதே மெயிலில் ஏன் கொடுத்தார்கள் என்று யோசித்தீர்களா? ரகசியம் காக்க வேண்டும் என்றால் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட மாட்டார்கள். பாஸ்வேர்டு போட்ட பொட்டலத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று மெயில் சேவையின் சோதனை பார்க்க முடியாது. அந்தப் பூட்டு அதற்காகத்தான்.

“ஒண்ணும் திறக்கலை” என்று எழுதியிருந்தீர்கள். திறக்காமல் இல்லை, திரைக்கு வராமல் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் முதல் தட்டிலேயே வேலை முடிந்திருக்கும். மூன்று முறை தட்டியதற்காக மூன்று மடங்கு குற்ற உணர்ச்சி சுமக்க வேண்டாம்.

பச்சை டிக் விஷயம். ஆன்டிவைரஸ் ஏற்கெனவே பிடிபட்டவற்றின் அங்க அடையாளத்தை வைத்தும், நடத்தையை வைத்தும் தேடுகிறது. இதை அனுப்புகிறவர்கள், பிடிபடாத வடிவம் வரும் வரை மாற்றி மாற்றிப் பொட்டலம் கட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். ஆன்டிவைரஸ் வேண்டும்தான், ஆனால் அது கண்டுபிடிக்கவில்லை என்பதற்கு, இல்லை என்று பொருளில்லை. நம்பகமான கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருந்தாலும் சில சமயம் காப்பாற்றாது. 2017-இல் சிசிகிளீனர் என்ற பிரபல புரோகிராமின் 5.33 பதிப்பில், கம்பெனியின் அசல் கையெழுத்தோடேயே தீங்கு நிரல் உள்ளே போய், இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் ஏறியது. 2020-இல் வெளியே வந்த, சோலார்விண்ட்ஸ் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியின் விவகாரத்தில், அமெரிக்க அரசுத் துறைகளே முறையான அப்டேட் என்று நம்பித் தீங்கு நிரலை ஏற்றிக்கொண்டன. பாதுகாப்புக்கென்றே ஆள் வைத்திருந்த இடங்கள் அவை.

எழுபது பேரில் ஒருவன்

அந்தத் தம்பி நல்ல எண்ணத்தில்தான் பார்த்திருப்பார். ஆனால் அவர் சொன்ன இரண்டும் தவறு.

எஸ்விசிஹோஸ்ட் என்பது விண்டோஸின் சொந்த வேலைக்காரன். பின்னணியில் ஓட வேண்டிய சேவைகளைத் தன்மேல் ஏற்றி ஓட்டுவது அதன் வேலை. 2017 முதல் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில், ராம் எனப்படும் நினைவகம் 3.5 ஜிபி-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட் ஓடும். எழுபது என்ன, அதற்கு மேல் ஓடினாலும் அது நோய் இல்லை.

ஏராளமாக இருப்பதால்தான் திருடனுக்கு அந்தப் பெயர் பிடிக்கிறது. கம்பம்மெட்டில் அதிகாலையில் தோட்ட வேலைக்கு ஜீப் ஜீப்பாக ஆள் ஏறும்போது, தலையில் துண்டு கட்டிய ஒருவன் கூட்டத்தோடு ஏறினால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்படி அதே பெயரை வைத்துக்கொள்கிறது. அல்லது கண்ணை ஏமாற்றும் மாற்றம் செய்கிறது: எஸ்-வி-சி என்பதை எஸ்-சி-வி என்று இடம் மாற்றுவது, ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போடுவது, எல்சாஸ் என்ற முக்கியமான விண்டோஸ் புரோகிராமின் முதல் சின்ன ‘எல்’ எழுத்துக்குப் பதில் பெரிய ‘ஐ’ போடுவது. சில எழுத்துருவில் இரண்டும் ஒரே கோடுதான்.

பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். இருக்கும் இடத்தையும், கிளப்பிவிட்டது யார் என்பதையும் அவ்வளவு எளிதாகப் பொய்யாக்க முடியாது. அசல் எஸ்விசிஹோஸ்ட் சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 என்ற இடத்தில் இருக்கும். அதைக் கிளப்புவது சர்வீசஸ் என்ற விண்டோஸ் புரோகிராம். நீங்கள் அனுப்பிய போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் லாகின் பெயரில் ஓடிய அந்த ஒன்று இருந்த இடம், உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங். அது எஸ்விசிஹோஸ்டுக்கு உரிய வீடு இல்லை. எழுபது பேரில் அந்த ஒருவன் மீதுதான் சந்தேகம். பதற்றத்திலும் அந்தப் போட்டோவை எடுத்து வைத்தீர்களே, அது பெரிய காரியம். போனிலிருந்து அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்தபடியே இருக்கட்டும்.

“அக்கா பேர்லதானே ஓடுது” என்ற பேச்சுக்கு வருவோம். யாருடைய லாகினில் ஒரு ஃபைல் தட்டப்படுகிறதோ, அவர் பெயரில்தான் அது ஓடும். முதலாளி தட்டியிருந்தால் முதலாளி பெயரில் ஓடியிருக்கும். டாஸ்க் மேனேஜரில் பெயர் காட்டும் அந்த வரிசை சொல்வது எந்த லாகினில் ஓடுகிறது என்பதை மட்டும்தான். அந்த நேரம் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை அது சொல்லாது. இன்னொன்று, விண்டோஸின் அசல் எஸ்விசிஹோஸ்டிலேயே சில, பயனர் பெயரில் ஓடுவதுண்டு. ஆகவே பெயரை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இடம் சரியாக இருந்துவிட்டால் அப்பழுக்கில்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அசல் விண்டோஸ் புரோகிராம் ஒன்றைக் கிளப்பி, அது ஓடத் தொடங்கும் முன்பே நிறுத்தி, அதன் நினைவகத்தைக் காலி செய்து, தன் நிரலை உள்ளே நிரப்பி ஓடவிடும் முறை ஒன்று உண்டு. பெயரும் சரி, இடமும் சரி, உள்ளே இருப்பவன் வேறு. அதனால் நீங்களோ அந்தத் தம்பியோ இதற்கு மேல் அதைத் திறந்து தேட வேண்டாம். தெரிந்தவர்கள் பார்க்கட்டும்.

பணம் கடை நெட்டிலிருந்தே போனது எப்படி

உங்களை அதிகமாக உடைத்தது வங்கி சொன்ன இந்த ஒரு வரிதான் என்று கடிதத்தைப் படித்தபோது தெரிந்தது. வங்கி சொன்னது உண்மையாக இருக்கலாம். அதிலிருந்து முதலாளி எடுத்த முடிவுதான் தவறு.

தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை ஆட்டுவிக்கும் இந்த வகைத் தீங்கு நிரல், வெளியூரில் உட்கார்ந்திருப்பவனுக்கு உங்கள் கம்ப்யூட்டரையே கையும் காலுமாக ஆக்கிக் கொடுக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. வேறு ஊர் நெட்டிலிருந்து, புதிய கம்ப்யூட்டரிலிருந்து பணம் அனுப்பினால் வங்கியின் கண்காணிப்பு சந்தேகப்படும். வழக்கமான கம்ப்யூட்டர், வழக்கமான நெட், வழக்கமான பிரவுசர் என்றால் வாசல் தானாகத் திறக்கும். முதலில் பில் வேடம், பிறகு விண்டோஸ் வேடம், கடைசியில் உங்கள் வேடம். பன்னிரண்டு நாள் சும்மா கிடந்ததாக நீங்கள் நினைத்த காலத்தில், நீங்கள் தட்டிய பாஸ்வேர்டையும் வழக்கமாகப் பணம் அனுப்பும் முறையையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். ஓடிபி வரும் மெசேஜும் அதே திரையில் இருந்ததால் முதலாளியின் போன் அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. சனிக்கிழமை மதியத்தைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயலாகத் தோன்றவில்லை.

கடிதத்தில் போகிற போக்கில் கேமராவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். கேமரா மூட்டைகளோடு உங்கள் மேசையையும் பார்க்கிறது என்றால், அன்று 3.40-லிருந்து 3.55 வரை அந்த நாற்காலி காலியாக இருந்தது அதில் பதிந்திருக்கும். யாரும் தொடாத கம்ப்யூட்டரிலிருந்து பணம் போயிருக்கிறது என்றால் அதற்கு மேல் உங்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் கேமராப் பெட்டியின் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். சிறு கடைகளில் அது இரண்டு மூன்று வாரம், மிஞ்சினால் ஒரு மாதம் தாங்கும். இன்றே அந்த நாளின் பதிவைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். பல் டாக்டரின் சீட்டும், அன்றைய பஸ் டிக்கெட் இருந்தால் அதுவும் ஒரு உறைக்குள் போகட்டும்.

ஃபார்மேட் ஏன் கூடாது

சட்டம் படிக்கும் முன் நான் சில வருடம் சிஸ்டம் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஓர் அலுவலகத்தில் இதே போலப் பணம் போனபோது, “சீக்கிரம் சரி பண்ணு” என்றார்கள். நான் இரண்டு மணி நேரத்தில் ஃபார்மேட் செய்து கொடுத்தேன். அந்த இருக்கையில் வேலை பார்த்த பையன் மேல் பழி விழுந்தது. அவன் செய்யவில்லை என்று காட்ட எதுவும் மிச்சமில்லை. அழித்தது என் கை. அவன் வேலையை விட்டுப் போனான். வருடங்கள் ஆன பிறகும் அது எனக்கு ஆறவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கக்கூடும் தெரியுமா? எந்தப் புரோகிராம் எப்போது ஓடியது என்ற குறிப்பை பிரீஃபெட்ச் என்ற ஃபோல்டரில் விண்டோஸ் எழுதி வைக்கிறது. கடைசி எட்டு முறை ஓடிய நேரங்கள் வரை அதில் கிடைக்கும். அன்று நீங்கள் மூன்று முறை தட்டியதே நேரத்தோடு இருக்கலாம். இணையத்திலிருந்து இறங்கிய ஃபைல் என்ற முத்திரை, கம்ப்யூட்டர் கிளம்பும்போதெல்லாம் தானாக ஓடும்படி அந்த நிரல் தன்னைப் பதிந்துகொண்ட இடம், வெளியே எந்த முகவரியோடு பேசியது என்ற தடயம், இவையெல்லாம் சேர்ந்தால் உங்கள் கடிதத்தின் கதையை வரிக்கு வரி உறுதி செய்யும். ஃபார்மேட் செய்தால் உங்கள் வார்த்தையும் முதலாளியின் சந்தேகமும் மட்டும்தான் மிஞ்சும்.

முதலாளிக்குச் சீசன் நேரத்தில் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதும் நியாயம். அதற்கு வழி இருக்கிறது. பழைய டிஸ்கைக் கழற்றி, அதன் சீரியல் எண் தெரியப் போட்டோ எடுத்து, உறையிலிட்டு ஒட்டி, தேதியோடு நீங்கள் இருவரும் உறையின் மேல் கையெழுத்துப் போட்டுப் பூட்டி வையுங்கள். சில ஆயிரம் ரூபாயில் புது டிஸ்க் வாங்கிப் புதிதாக விண்டோஸ் போட்டால் கடை வேலை நடக்கும். போலீஸ் டிஸ்கைக் கேட்கும்போது ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, டிஜிட்டல் சாட்சியத்தோடு சான்றிதழும், அதில் ஹாஷ் எனப்படும் கைரேகை எண்ணும் கேட்கிறது. யார் யாரோ திறந்து பார்த்த டிஸ்கைப் பற்றி அப்படிச் சான்று சொல்வது கடினம். அந்த மெயிலையும் அழிக்காதீர்கள். வந்த பெட்டியிலேயே இருக்கட்டும்.

உங்கள் சொந்த ஜிமெயில், சொந்த வங்கிக் கணக்கு எதையாவது அந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருந்தால், அந்த பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து இன்றே மாற்றுங்கள்.

புரோநோட்டும் பாதிச் சம்பளமும்

புரோநோட்டில் கையெழுத்துப் போட்டால், நீங்கள் அவரிடம் 6,40,000 ரூபாய் வாங்கியதாக ஆகிவிடும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118-ஆம் பிரிவின்படி, கையெழுத்து உங்களுடையது என்றால் பணம் கைமாறியதாகவே கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டாலோ, மீதியை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையே கொடுத்ததாக 20-ஆம் பிரிவு சொல்கிறது. “சும்மா ஒரு உத்தரவாதத்துக்குத்தான்” என்று அவர் மனதாரச் சொன்னாலும், தாள் அப்படிப் பேசாது.

சம்பளம். “பாதிதானே” என்று நீங்களே எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக வந்த நட்டத்துக்கு மட்டுமே பிடித்தம் செய்யலாம். அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகுதான். 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. மொத்தப் பிடித்தம் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது உச்ச வரம்பு. பாதி வரை தாராளமாகப் பிடிக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. வழக்கமான பார்ட்டியின் பெயரில் வந்த பில்லைத் திறப்பது உங்கள் வேலை. ஓடிபி-யை அதே திரையில் இணைத்தது உங்கள் முடிவு இல்லை. கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டதும் இல்லை. ஆபத்தும் உண்டு, அதை மறைக்க மாட்டேன்: கையெழுத்துப் போட மறுத்தால் அவர் வேலையை விட்டு நிறுத்தலாம். அப்படி நடந்தால் உங்கள் பகுதி லேபர் ஆபீசரிடம் போகலாம். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்கும். பீருமேட்டிலோ உடும்பன்சோலையிலோ வட்டச் சட்டப்பணிக் குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வியாழக்கிழமை முதலாளியிடம் சண்டை போட வேண்டாம். அவருக்கும் இது பெரிய அடிதான். அவருக்கே தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, வங்கி மேலும் வாடிக்கையாளர் மேலும் தவறில்லாமல் மூன்றாம் ஆள் புகுந்து பணம் எடுத்திருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னவருக்கு இழப்பே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், சிறுதொழில் கரண்ட் அக்கவுண்டுக்கு 10,000 ரூபாய் வரைதான் பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. பாஸ்வேர்டை மற்றவருக்குக் கொடுத்தது போன்ற கவனக்குறைவு என்றால் கதை மாறும். ஓடிபி விஷயத்தை வைத்து வங்கி அப்படி வாதிடக்கூடும். இந்த நிலையில் “எங்க கடைப் பொண்ணுதான் செஞ்சது” என்று அவர் எழுதிக் கொடுத்தால், மூன்றாம் ஆள் புகுந்தான் என்ற தன் வாதத்தைத் தானே உடைக்கிறார். உங்களைக் குற்றம் சொல்வது அவருடைய பணத்துக்கே எதிரி. செவ்வாயன்று மேனேஜரிடம் வாயால் சொன்னது போதாது. அன்று வந்து சொன்னதைக் குறிப்பிட்டு எழுத்தாகக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்கச் சொல்லுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

எந்த மாநிலத்தில் புகார்

இரண்டிலும் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் இருந்த இடம் இடுக்கி. பணம் போன கணக்கு தேனி மாவட்டம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. “இது எங்க லிமிட் இல்லை” என்று குமுளியிலும் கம்பத்திலும் மாற்றி மாற்றி அனுப்பினால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். என் யோசனை, இடுக்கி சைபர் போலீஸ் ஸ்டேஷன். டிஸ்கும் கேமராப் பெட்டியும் அந்தப் பக்கம் இருக்கின்றன. 1930-இல் கிடைத்த ஒப்புகை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தக் கணக்குக்குப் பணம் போனதோ, அங்கே மிச்சம் இருந்தால் நிறுத்தி வைக்க அந்த எண்தான் வழி. நிறுத்தி வைத்த பணம் திரும்பி வர மாஜிஸ்திரேட் உத்தரவு தேவைப்படலாம்.

வங்கிக்கான புகார் முதலாளி பெயரில் போகட்டும். நடந்ததை நாள்வாரியாக, மெயில் வந்த திங்கள் முதல், உங்கள் பெயரில் தனியாக ஒரு வாக்குமூலமாகத் தமிழிலேயே எழுதி எடுத்துப் போங்கள். ஸ்டேஷனில் மலையாளத்தில் எழுதினால், முழுக்க வாசித்துக் காட்டிப் பொருள் சொன்ன பிறகே கையெழுத்துப் போடுங்கள். வாசித்துக் காட்டுவதும், நகலை இலவசமாகக் கொடுப்பதும் அவர்கள் கடமை.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக வேண்டாம். வீட்டுக்காரர் காலை ஐந்து மணிக்கு ஜீப் எடுத்துப் போனால் ராத்திரிதான் வருகிறார், இந்த நிலையில் அவரை எப்படி மேலும் கஷ்டப்படுத்துவது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே முதலாளி வாயிலிருந்தோ, கடைவீதியில் வேறு யார் வாயிலிருந்தோ அவர் இதைக் கேட்டால் அதுதான் கஷ்டம். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், அந்தப் போட்டோவையும் பல் டாக்டர் சீட்டையும் முன்னால் வைத்து, நடந்ததை முதலிலிருந்து அவரிடம் சொல்லுங்கள்.